சத்தம் இல்லாத வண்டியா பாரு

போன மாதம் எங்கள் மாலைநேரப் படிப்பகத்துக்கு வரும் தம்பி ஒருவன் செல்போனை என் முன்னால் நீட்டினான். திரையில் இரண்டு வண்டிகள். ஒன்று ஸ்பிளெண்டர், இன்னொன்று புல்லட். "அக்கா, முதல் வண்டி எடுக்கப் போறேன். எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றான். பி.காம். முடித்துவிட்டு ஒரு குடோனில் கணக்கு எழுதுகிறான். ஒன்றரை வருடமாக முன்பணத்துக்குச் சேர்த்து வைத்திருக்கிறான். மைலேஜ், மாதத் தவணை, சர்வீஸ் செலவு என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருந்தான். எழுதாத ஒன்றைக் கடைசியில் வாயால் சொன்னான். "அம்மா மட்டும் ஒரே ஒரு கண்டிஷன் போடுதுக்கா. எந்த வண்டின்னாலும் எடு, ஆனா சத்தம் இல்லாத வண்டியா பாருங்குது."

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் காலனியிலிருந்து மெயின் ரோட்டுக்கு வர வேண்டுமானால் ஊர்த் தெரு வழியாகத்தான் வர வேண்டும். அந்த அம்மா சைலன்சரைப் பற்றிப் பேசவில்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதல் வண்டி எப்படித் தேர்ந்தெடுப்பது என்று யூடியூபில் ஆயிரம் வீடியோ இருக்கிறது. உயரம் பார், எடை பார், டயர் பார் என்பார்கள். எல்லாம் சரியான ஆலோசனைதான், கடைசியில் நானும் அதைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் எந்தத் தெருவில் ஓட்டப் போகிறாய் என்று அதில் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதை நம் பிள்ளைகள் ஷோரூம் வாசலை மிதிப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைப்பதால் இதை எழுதுகிறேன்.

வண்டி என்று நான் சொல்வது மோட்டார் வண்டியை மட்டும் அல்ல. மாட்டு வண்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

1893இல் திருவிதாங்கூரில் வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி ஒரு வில்லுவண்டி வாங்கினார். வெள்ளை மாடுகளைப் பூட்டினார். மாடுகளின் கழுத்தில் மணி. தலைப்பாகை கட்டி, மேல்துண்டு அணிந்து, புலையர்கள் நடக்கவே கூடாது என்றிருந்த பொதுச் சாலையில் அந்த வண்டியில் போனார். எதிர்த்து வந்தவர்களையும் சமாளித்தார். மனு எழுதவில்லை, தீர்மானம் போடவில்லை, ஒரு வண்டி வாங்கி ஓட்டினார், அவ்வளவுதான். அந்த மணியை நினைத்துப் பாருங்கள். சத்தமில்லாமல் போயிருக்கலாமே என்று அன்றும் யாராவது அவருக்கு அறிவுரை சொல்லியிருப்பார்கள்.

அடுத்தது பாபாசாகேப். 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்று அவர் எழுதி வைத்த சிறு நூலைப் படிக்காதவர்கள் உடனே படியுங்கள், ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். அதில் இரண்டு வண்டிக் கதைகள் இருக்கின்றன. முதலாவது 1901இல் நடந்தது. சிறுவன் பீமாராவும் அவர் அண்ணனும் உறவுப் பையன்களும் சாத்தாராவிலிருந்து கோரேகானில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க ரயிலேறுகிறார்கள். புதுத் துணி, புதுத் தொப்பி. மசூர் ஸ்டேஷனில் இறங்கினால் அழைத்துப்போக ஆள் வரவில்லை. நன்றாக உடுத்தியிருந்த பிள்ளைகளிடம் அன்பாகப் பேசிய ஸ்டேஷன் மாஸ்டர், மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் முகம் மாறிப் பின்வாங்குகிறார். வாடகை வண்டிக்காரர்கள் யாரும் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் ஒருவர் ஒப்புக்கொள்கிறார். இரட்டை வாடகை. வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொள்ள வேண்டும், வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருவார். பத்து வயதுக்குக் கொஞ்சம் முன்பின்னான பிள்ளைகள் இருட்டில், தெரியாத சாலையில், தண்ணீர் குடிக்க வழியில்லாமல் போன பயணம் அது.

இரண்டாவது 1929இல் நடந்தது. இப்போது அவர் வெளிநாட்டில் படித்த பாரிஸ்டர். தீண்டத்தகாதோரின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினர். சாலிஸ்காவ் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். சேரி மக்கள் வரவேற்க வந்திருக்கிறார்கள். ஆனால் அவரை ஏற்றிக்கொண்டு போக ஒரு குதிரை வண்டிக்காரரும் தயாராக இல்லை. தலைவரை நடக்க வைப்பது தங்களுக்கு மரியாதை இல்லை என்று நினைத்த மக்கள், வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்துத் தங்களில் ஒருவரை ஓட்டச் சொல்கிறார்கள். அவருக்கு ஓட்டிப் பழக்கம் கிடையாது. ஆற்றுப் பாலத்தில் சக்கரம் சிக்கி, வண்டி குலுங்கி, அம்பேத்கர் கல் தரையில் தூக்கி எறியப்படுகிறார். காலில் எலும்பு முறிவு. குதிரையும் வண்டியும் ஆற்றுக்குள்.

இந்த இரண்டு சம்பவங்களையும் தீண்டாமைக்கு உதாரணமாக நாம் மேடையில் சொல்கிறோம். நான் வேறு ஒன்றையும் அதில் பார்க்கிறேன். இரண்டு இடத்திலும் வண்டி இருந்தது, கொடுக்கக் காசும் இருந்தது. முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவர் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குச் சேவகம் செய்கிறார் என்ற உறவைத்தான் சாதியால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதனால் நம்முடையவர்கள் கடிவாளத்தைத் தாங்களே பிடிக்க வேண்டியிருந்தது. பழகுவதற்கு வாய்ப்பே கொடுக்காமல் வைத்திருந்ததால் பிடித்தவர் கை நடுங்கியது. ஓட்டக் கற்றுக்கொள்வது நமக்கு வெறும் பொழுதுபோக்காக ஒருநாளும் இருந்ததில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதி ஆதிக்க சாதி நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 ஜூனில் அது பதினொன்றாக வளர்ந்தது. அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன், சாதி பற்றிய தன் புத்தகத்தில் இரண்டு பட்டியலையும் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. முழங்காலுக்குக் கீழே ஆண்கள் வேட்டி கட்டக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. பிள்ளைகள் படிக்கக் கூடாது. இந்தப் பட்டியலை நிறையப் பேர் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் இரண்டாவது பட்டியலில் வரும் ஒரு தடையை அதிகம் பேர் கவனிப்பதில்லை. கல்யாண ஊர்வலத்தில் குதிரை ஏறக் கூடாது, பல்லக்குக்குப் பதிலாகத் தங்கள் வீட்டுக் கதவைத்தான் பயன்படுத்த வேண்டும், எந்தக் காரியத்துக்கும் எந்த வாகனத்தையும் உபயோகிக்கக் கூடாது.

வீட்டுக் கதவைக் கழற்றி அதன்மேல் மாப்பிள்ளையையும் பெண்ணையும் உட்கார வைத்துத் தூக்கிப் போவது. இதை வகுப்பில் முதன்முதலாகப் படித்தபோது, இப்படியெல்லாம் உட்கார்ந்து யோசித்து ஒரு விதி எழுத முடியுமா என்றுதான் எனக்குத் தோன்றியது. மோட்டார் சைக்கிள் அந்தக் கிராமங்களை எட்டிப் பார்ப்பதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன்பே, எந்த வாகனமும் கூடாது என்று முன்கூட்டியே தடை போட்டு வைத்துவிட்டார்கள். தடை வண்டிக்கு அல்ல, ஏறி உட்காரும் உடம்புக்கு.

அதே இராமநாதபுரத்தில், கிட்டத்தட்ட அதே காலத்தில், வேறு ஒன்றும் நடந்தது. தனியார் பஸ் முதலாளிகள் தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுத்து வந்தார்கள். மாவட்டக் கழகத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி மறுக்கும் பஸ்களின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். பதவியில் இருக்கும் ஒருவர் மனது வைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம். மதராஸ் சட்டமன்றத்தில் 1924இலேயே பொதுச் சாலையில் நடக்கும் உரிமைக்காக இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்திருந்தார். 1938இல் எம்.சி. ராஜா முயற்சியில் சிவில் தடைகளை நீக்கும் சட்டம் வந்தது. விடுதலைக்குப் பிறகு 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. பொது வாகனத்தில் ஏற்ற மறுப்பது அதில் குற்றம்.

பொது வாகனம் என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 1955இல் சட்டம் எழுதியவர்களின் கற்பனையில் தலித் என்பவர் அடுத்தவர் ஓட்டும் வண்டியில் ஏறுகிறவர். சொந்தமாக வண்டி வைத்திருப்பார், அதை ஓட்டுவார், அதற்காக அடி வாங்குவார் என்று யாரும் நினைக்கவில்லை. அது சட்டப் புத்தகத்துக்குள் வர இன்னும் அறுபது வருடம் ஆனது.

அந்த அறுபது வருடத்தில்தான் நம் வீடுகளுக்குள் சக்கரம் வந்தது. முதலில் சைக்கிள். ஊர்த் தெருவுக்குள் நுழையும்போது சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற வழக்கத்தைப் பற்றி உங்கள் வீட்டுத் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தது போலத்தான் இதுவும். செருப்பு, சைக்கிள் இரண்டையும் சேர்த்தே சொல்லுவார்கள். தீண்டாமை ஒழிப்பு முன்னணி தமிழ்நாட்டில் எடுத்த கள ஆய்வுகளில் இந்த வழக்கம் இந்த நூற்றாண்டிலும் பல ஊர்களில் இருப்பது பதிவாகியிருக்கிறது.

சைக்கிள் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது அங்கே ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டார்கள். விவசாயக் கூலிகள், கல் குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடி ஊழியர்கள். கேலி, கிண்டல், ஆபாசப் பேச்சு எல்லாம் இருந்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போனபோது பல பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். வண்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது: அழகுக்கு அல்ல, யாரை ஏற்றிப் போகப் போகிறோம் என்பதற்கு. வடக்கே 1983இல் கான்ஷிராம் டி.எஸ்.4 அமைப்பின் மூலம் சைக்கிளில்தான் ஊர் ஊராகப் பிரசாரம் போனார். கட்சிக்கு ஜீப் வாங்கக் காசு இல்லாதது மட்டும் காரணம் அல்ல. சைக்கிளில் வருகிறவன் நம்மாள் என்று மக்களுக்குப் பார்த்ததும் தெரிந்தது.

மோட்டார் வண்டி வந்த கதை கொஞ்சம் வேறு. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்தது. அடுத்த ஆண்டு திருவொற்றியூர் ஆலை. ராணுவத்துக்கு என்று வந்த புல்லட் பிறகு போலீஸ் இன்ஸ்பெக்டருக்கும் பண்ணையாருக்கும் மிராசுதாருக்கும் போனது. அதனால்தான் அந்தச் சத்தத்துக்கு கிராமத்தில் ஒரு அர்த்தம் வந்தது. தூரத்தில் 'டப் டப்' கேட்டால் வேலை செய்கிறவர்கள் முதுகை நிமிர்த்தாமல் குனிந்தே இருந்த காலம் ஒன்று உண்டு. அதே சத்தம் காலனிக்குள்ளிருந்து வெளியே வந்தால் சிலருக்குக் காது கூசுவது இதனால்தான். சத்தத்தின் டெசிபெல் மாறவில்லை, ஓட்டுகிறவர் மாறிவிட்டார்.

நம்மவர்களுக்கு முதலில் கைக்கு எட்டியது டி.வி.எஸ். 50. 1980இல் ஓசூரிலிருந்து வந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய மொபெட். கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது, பெடல் இருந்தது. அதில் மீன் போனது, பால் கேன் போனது, புல்லுக்கட்டு போனது, குழந்தைகள் பள்ளிக்கூடம் போனார்கள். எங்கள் அப்பா நான்காவது கைமாறிய ஒன்றை வாங்கினார். அதன் சீட்டு கிழிந்து தேங்காய் நார் வெளியே தெரியும். அதில் என்னை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு போவார். கார்ப்பரேட் விளம்பரத்துக்கு ஏற்ற வண்டி அல்ல அது. ஆனால் அந்த மொபெட் இல்லாமல் என் பிளஸ் டூ இல்லை.

எண்பதுகளின் நடுவில் ஜப்பான் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்த 100 சி.சி. வண்டிகள் வந்தன. 1984இல் இண்ட்-சுசுகி, 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, அதே ஆண்டு யமஹா ஆர்.எக்ஸ். 100. அதுவரை ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக் கணக்கில் காத்திருந்த நாடு இது. 1994இல் ஸ்பிளெண்டர் வந்தது. தொண்ணூறுகளுக்குப் பின் கடன் சுலபமானது. இடஒதுக்கீட்டில் படித்து வேலைக்குப் போன முதல் தலைமுறை, வளைகுடாவுக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போன தலைமுறை, இவர்கள் கையில் முதன்முதலாக மாதச் சம்பளம் என்று ஒன்று புரண்டது. பண்ணையில் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. காலையில் வண்டியை எடுத்தால் இருபது கிலோமீட்டர் தள்ளி வேலை. வண்டி என்பது சமூகவியல் மொழியில் சொன்னால் உழைப்பின் இடப்பெயர்ச்சி. ஊர் மொழியில் சொன்னால், "இப்பல்லாம் கூப்பிட்டா எவனும் வேலைக்கு வர்றதில்ல."

அந்தக் கோபம் எங்கே போய் இறங்கியது என்று பாருங்கள். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் சுமார் 600 போலீஸார் நுழைந்து நடத்திய தாக்குதலில் டிவி, மின்விசிறி, தையல் மிஷின், வாகனங்கள் என்று உழைத்து வாங்கிய பொருள்களெல்லாம் தேடித் தேடி உடைக்கப்பட்டன. குடிதண்ணீர்க் கிணற்றையும் விடவில்லை. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் தலை நிமிர்ந்த ஊர் அது. 1997இல் ஒரு அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு மாவீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கலவரம் நடந்தது. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின் பெயர்களையும், மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர் பெயர்களையும் மொத்தமாக எடுத்துவிட்டது. அம்பேத்கரை ஏற்ற மறுத்த குதிரை வண்டிக்காரரின் மனசு எழுபது வருடம் கழித்து, பஸ்ஸில் பெயரைக்கூடச் சுமக்க மறுத்தது.

2012 நவம்பர் 7. தர்மபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று காலனிகள். 250க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன, சூறையாடப்பட்டன. அந்தப் படங்களில் என் மனதில் நிற்பது வாசல்களில் எரிந்து எலும்புக்கூடாக நின்ற பைக்குகள். பெங்களூரில் கட்டட வேலை செய்து வாங்கியவை. அதே ஆண்டுதான் ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு பெண்களை மயக்குகிறார்கள் என்ற விஷமப் பிரசாரம் மேடைகளில் நடந்தது. ஜீன்ஸ், கூலிங் கிளாஸ், பைக். 1930ஆம் ஆண்டுப் பட்டியலில் இருந்த சட்டை, கிராப்பு, குடைதான் இவை.

குஜராத்தில் 2018 மார்ச் மாதம் பாவ்நகர் மாவட்டத்தில் சொந்தமாகக் குதிரை வாங்கி ஓட்டிய 21 வயது தலித் இளைஞர் கொல்லப்பட்டார். 2025 பிப்ரவரியில் நம் சிவகங்கை மாவட்டத்தில் புல்லட் ஓட்டிவந்த கல்லூரி மாணவரின் கைகளில் வெட்டு விழுந்தது. புல்லட் ஓட்டியதைச் சொல்லித் திட்டி வெட்டினார்கள் என்பது புகார். எஸ்.சி./எஸ்.டி. சட்டத்தில் வழக்குப் பதிவாகி, கைதும் நடந்தது. தம்பியின் அம்மா அந்தச் செய்தியை டிவியில் பார்த்திருக்கிறார். 'சத்தம் இல்லாத வண்டி' அங்கிருந்து வருகிறது.

இனி சட்டம். மாணவத் தோழர்கள் இதை மனப்பாடமாக வைத்திருங்கள். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் பிரிவு 3(1)(இசட்.ஏ.)(பி): பட்டியலினத்தவர் அல்லது பழங்குடியினர் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஏறுவதை, ஓட்டுவதைத் தடுப்பது குற்றம். செருப்பு அணிவது, புதுத்துணி உடுத்துவது, கல்யாண ஊர்வலம் போவது, ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறுவது ஆகியவற்றைத் தடுப்பதும் இதே பிரிவில் வருகிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை, அபராதம். இந்த நாட்டில் ஒரு சட்டப் புத்தகத்தில் 'மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பது' என்று தனியாக எழுத வேண்டிய தேவை வந்திருக்கிறது என்பதே நம் வரலாற்றின் சுருக்கம். புகார் கொடுக்கும்போது ஸ்டேஷனில் வெறும் அடிதடி வழக்காக எழுதுவார்கள். இந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். வேண்டுமென்றே கடமையைச் செய்யாத அதிகாரி மீது பிரிவு 4 இருக்கிறது. முன்ஜாமீன் கிடையாது என்பதற்கு பிரிவு 18.

இதை எழுதும்போது நம் பக்கமும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வண்டியில் சாதி ஸ்டிக்கர் ஒட்டுவது, சாதி நிறத்தில் பெயிண்ட் அடிப்பது எந்தப் பக்கம் நடந்தாலும் எனக்கு ஒப்புதல் இல்லை. பள்ளிகளில் சாதி மோதல் பற்றி ஆராய்ந்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையில், கயிறு, மோதிரத்தோடு சேர்த்து, சாதியைக் காட்டும் விதமாகப் பெயிண்ட் அடித்த சைக்கிளில் பள்ளிக்கு வருவதையும் தவிர்க்கச் சொன்னது. பாபாசாகேப் படம் ஒட்டுவது வேறு விஷயம். ஆனால் படத்தை ஒட்டிவிட்டு மூன்று பேர் உட்கார்ந்து, ஹெல்மெட் இல்லாமல், சைலன்சரைக் கழற்றி ஓட்டுகிற தம்பிகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

சரி, என்ன வண்டி? தம்பிக்கு நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன்னால் ஓட்டப் பழகு. சாலிஸ்காவ் பாலத்தை நினைத்துக்கொள். முதலில் எல்.எல்.ஆர். கியர் வண்டிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், எடுத்து 30 நாள் கழித்து லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகலாம். அந்த ஒரு மாதம் யாருடைய பழைய ஸ்பிளெண்டரையாவது வாங்கி பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டு. கிளட்சை விடும்போது வண்டி எந்த இடத்தில் இழுக்கத் தொடங்குகிறது என்று கை தானாகக் கண்டுபிடிக்கும்வரை ரோட்டுக்கு வராதே. முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பழகு. மணல் கிடக்கும் வளைவில் முன் பிரேக்கைத் தனியாகப் பிடித்தால் விழுவாய்.

உட்கார்ந்து பார். இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும். ஸ்பிளெண்டர் சுமார் 112 கிலோ, புல்லட் 350 சுமார் 195 கிலோ. ஓடும்போது இந்த வித்தியாசம் தெரியாது. பஞ்சர் ஆகித் தள்ளும்போது, சந்தில் திருப்பும்போது, சாய்ந்துவிட்டால் தூக்கும்போது தெரியும். அவசரமாகத் திருப்பிக்கொண்டு கிளம்ப வேண்டிய நேரமும் நமக்கு வரலாம். தினமும் நாற்பது கிலோமீட்டர் போய்வருகிறவனுக்கு லிட்டருக்கு அறுபது கொடுக்கும் வண்டிக்கும் முப்பத்தைந்து கொடுக்கும் வண்டிக்கும் மாதத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று உன் நோட்டிலேயே இருக்கிறது. 125 சி.சி.க்கு மேல் உள்ள புது வண்டிகளில் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம் என்பது 2019 முதல் விதி. மழைச் சாலையில் அது உயிரைக் காக்கும், அந்தக் காசுக்கு வருத்தப்படாதே.

செகண்ட் ஹேண்ட் என்றால் ஆர்.சி. புத்தகத்தை உன் பெயருக்கு மாற்றாமல் ஒரு நாளும் ஓட்டாதே. கடன் பாக்கி இருக்கிறதா, எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா பார். நம் ஆள் வண்டியை நிறுத்தினால் முதல் கேள்வி, "யார் வண்டி இது?" என்றுதான் வரும். அதற்குப் பதில் காகிதத்தில் இருக்க வேண்டும். எனக்கே நடந்திருக்கிறது. என்னுடைய முதல் வண்டி பழைய ஸ்கூட்டி பெப். கள ஆய்வுக்குப் போன ஒரு ஊரில் நிறுத்தி, எந்தத் தெரு, யார் வீட்டுப் பெண் என்று அரை மணி நேரம் விசாரித்தார்கள். என் பெயரில் இருந்த ஆர்.சி.யை எடுத்துக் காட்டினேன். அவர்கள் கேட்டது அது இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் காட்டினேன்.

அப்புறம் இன்சூரன்ஸ். இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. தேர்டு பார்ட்டி மட்டும் இருந்தால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்குத்தான் பணம் வரும். உன் வண்டியைக் கலவரத்தில் யாராவது கொளுத்தினால் ஒரு பைசா வராது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் தீ, கலவரம், வேண்டுமென்றே செய்யும் சேதம் எல்லாம் அடங்கும். வருடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். நத்தம் காலனியின் வாசல்களை நினைத்துக்கொண்டு அந்தக் கூடுதலைக் கட்டு. வண்டியை நாலு பக்கமும் போட்டோ எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள். ஹெல்மெட் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக, தாடை வரை மூடுவதாக. நம் வீட்டில் ஒரு உயிர் போனால் அந்தக் குடும்பம் இரண்டு தலைமுறை பின்னால் போகும்.

"அப்ப புல்லட் வேணாங்கறீங்களா அக்கா?" என்றான்.

இல்லை என்றேன். கணக்குப் பார்த்து ஸ்பிளெண்டர் எடுத்தால் எடு. பயந்து எடுக்காதே. புல்லட் எடுக்க வசதி வந்து, உனக்குப் பிடித்து, உயரமும் எடையும் ஒத்துவந்தால் அதை எடு. அம்மாவின் பயத்தைக் கேலி செய்யாதே, அது அவருக்குத் தெரிந்த வரலாறு. ஆனால் அந்தப் பயம் உன் பட்டியலில் மைலேஜுக்குப் பக்கத்தில் ஒரு காலமாக எழுதப்படக் கூடாது. இதைச் சொல்லும்போது எனக்கும் உள்ளுக்குள் நடுக்கம் இருந்தது என்பதை மறைக்கவில்லை. வண்டியில் போகப்போவது நான் இல்லை, அவன்.

அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. எல்.எல்.ஆர். எடுத்து மூன்று வாரம் ஆகிறது. மைதானத்தில் எட்டுப் போடும்போது இடது பக்க வளைவில் இன்னும் காலை ஊன்றிவிடுகிறான். நேற்று அவன் அம்மா வந்து மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் டெஸ்ட்.